‘ஓகே’ எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கிறது

1839 மார்ச் 23, சனிக்கிழமை. அமெரிக்காவின் ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழின் இரண்டாம் பக்கத்தில் ஒரு சிறிய சீண்டல் குறிப்பு வந்தது. பாஸ்டனில் உணவு நேர மணியடிப்பதற்கு 1838-இல் தடை வந்திருந்தது. அதைக் கேலி செய்வதற்காகவே சிலர் கூடி ‘மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்’ என்று ஒன்றை நடத்திவந்தார்கள். அந்தச் சங்கத்தார் நியூயார்க் போகிற வழி பற்றிப் பிராவிடன்ஸ் நகரப் பத்திரிகை ஒன்று ஏதோ எழுத, ‘மார்னிங் போஸ்ட்’ ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன் அதற்குப் பதில் கொடுத்தார். சங்கத்தார் உங்கள் ஊர் வழியாக வந்தால் விருந்துச் செலவு உங்கள் தலையில்தான், எல்லாம் ‘ஓ.கே.’யாக நடக்கும், பாட்டில் மூடிகள் பறக்கும் என்பது அதன் சாரம். ‘ஓ.கே.’ என்று போட்டவுடன் ஒரு கோடிட்டு, ‘ஆல் கரெக்ட்’ என்று விளக்கமும் சேர்த்திருந்தார் கிரீன். எல்லாம் சரி என்று பொருள்.

இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அச்சுச் சான்றுகளில் இதுதான் முதலாவதாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வயது ஏறக்குறைய 190 ஆண்டுகள் மட்டுமே.

‘ஆல் கரெக்ட்’ என்பதன் முதலெழுத்துகள் ஏ, சி என்றல்லவா வரவேண்டும்? வேண்டுமென்றே பிழையாக எழுதியதில்தான் விஷயம் இருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினால், முதல் சொல் ‘ஓ’ எழுத்திலும் இரண்டாம் சொல் ‘கே’ எழுத்திலும் தொடங்கிவிடும். அந்தப் பிழையான எழுத்துக்கூட்டலின் முதலெழுத்துகளை எடுத்துப் புள்ளி வைத்ததே ஓ.கே. எல்லாம் சரி என்று சொல்கிற சுருக்கத்தில் ஓர் எழுத்துகூடச் சரியில்லை. அன்றைய வாசகர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள்.

கிரீன் தனியாக யோசித்துச் செய்ததல்ல இது. 1838 கோடையிலிருந்தே பாஸ்டன் பத்திரிகைகளில் சுருக்கெழுத்து மோகம் பரவியிருந்தது. ‘ஓ.எஃப்.எம்.’ என்றால் நம் ஊர்ப் பெரிய மனிதர்கள். ‘ஐ.எஸ்.பி.டி.’ என்றால் அப்படியே செய்யப்படும். கடனுக்குப் பயந்து டெக்சாஸுக்கு ஓடிப்போனவனுக்கு ‘ஜி.டி.’ என்று பெயர். பிழையான எழுத்துக்கூட்டல் என்ற இரண்டாவது வேடிக்கை அதன்மேல் ஏறியது. ‘ஆல் ரைட்’ என்பதைக் கோணலாக எழுதி ‘ஓ.டபிள்யூ.’ ஆக்கினார்கள், ‘நோ’ என்பதை அதே ஒலியுள்ள, ‘கே’ எழுத்தில் தொடங்கும் வேறொரு சொல்லாக எழுதியதால் ‘நோ கோ’ (நடக்காது) என்பது ‘கே.ஜி.’ ஆனது, ‘நோ யூஸ்’ (பயனில்லை) என்பது ‘கே.ஒய்.’ ஆனது. ஓ.டபிள்யூ. பொருளிலும் அமைப்பிலும் ஓ.கே.வின் உடன்பிறப்பு. அது இரண்டொரு ஆண்டில் செத்துப்போனது. ஓ.கே.வைத் தனிச்சொல்லாகப் பார்க்காமல் இந்தக் கும்பலோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் பிறப்பு விளங்கும்.

அப்படிப் பார்த்துக் காட்டியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1941-இல் ஒரு வார இதழில் தன் சான்றுகளின் முதற்பகுதியை வெளியிட்டார். பிறகு 1963, 64 ஆண்டுகளில் அமெரிக்க ஆங்கிலம் குறித்த ஆய்விதழ் ஒன்றில் தொடர்கட்டுரைகளாக முழு வரலாற்றையும் எழுதினார். தேடுபொறி இல்லாத காலம். பழைய நாளிதழ்களைத் தாள் தாளாகப் புரட்டி, சொல் எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்தப் பொருளில், விளக்கத்தோடு வருகிறதா விளக்கமின்றி வருகிறதா என்று குறித்துக்கொண்டே போனார். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒரு சொல்லைப் பத்திரிகை விளக்கத்தோடு அச்சிட்டால் அது வாசகருக்குப் புதிது என்று பொருள். 1839 இலையுதிர்காலத்தில்கூட, வங்கி இயக்குநர்கள் பற்றிய ஒரு பாஸ்டன் செய்தியில் ஓ.கே.வுக்குப் பக்கத்தில் விளக்கம் நிற்கிறது. விளக்கம் உதிர்ந்துபோகும் தேதிதான் சொல் வேரூன்றிய தேதி.

வேரூன்ற வைத்தது ஒரு தேர்தல். 1840-இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறை போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் கின்டர்ஹுக். ஆதரவாளர்கள் அவரை ‘ஓல்டு கின்டர்ஹுக்’ என்றார்கள். அதன் முதலெழுத்துகளும் ஓ, கே! நியூயார்க் நகரத்தில் ‘ஓ.கே. கிளப்’ என்று கட்சித் தொண்டர்களின் மன்றம் ஒன்று கிளம்பியது. அதன் கூட்டம் பற்றிய முதல் அறிவிப்பு வெளியானது 1840 மார்ச் 23, பாஸ்டன் குறிப்புக்குச் சரியாக ஓராண்டு கழித்து. நான்கு நாளில் அந்தத் தொண்டர்கள் எதிர்க்கட்சியான விக் கட்சியின் கூட்டத்துக்குள் புகுந்து கலவரம் செய்ய, ஓ.கே. போர்முழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கள் தலைவர் சரியான ஆள் என்ற பொருளும், அவர் ஊர்ப்பெயரும் இரண்டெழுத்தில் ஒன்றாக அடங்கின.

விக் கட்சியினர் சும்மா இருக்கவில்லை. அதே எழுத்துகளை எடுத்துக் காசில்லை, கடனுக்கும் வழியில்லை, ஊருக்குத் திரும்பிப் போ என்றெல்லாம் விரித்தார்கள். அன்று நாட்டில் கடுமையான பொருளாதார மந்தம். அந்தக் கேலி எடுபட்டது. தேர்தல் மன்ற வாக்குகளில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் 234, வான் பியூரன் 60. தலைவர் தோற்றார், ஆனால் இரு கட்சியும் சேர்ந்து ஓர் ஆண்டு முழுக்கக் கத்திய முழக்கம் நாடு முழுவதும் தெரிந்த சொல்லாகிவிட்டது. ஓ.டபிள்யூ.வுக்கு இப்படி ஒரு தேர்தல் வாய்க்கவில்லை.

தேர்தல் சூட்டில் சொன்ன ஒரு பொய்யும் இந்தச் சொல்லுக்கு உதவியது. முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அரசுக் கோப்புகளில் ‘எல்லாம் சரி’ என்பதைப் பிழையாகச் சுருக்கி ஓ.கே. என்று எழுதிவந்தார் என்று எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் கதை கட்டின. ஜாக்சன் எழுதியதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டவர்கள், கோப்பில் ஓ.கே. என்று எழுதுவது ஒரு வழக்கம் என்று நம்பத் தொடங்கினார்கள். பிறகு தாங்களும் எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தந்தியும் ரயிலும் அந்த வழக்கத்தை நிலைநாட்டின. தந்தியில் ஒவ்வொரு எழுத்தும் கையால் தட்டப்படுவது. செய்தி முழுதாக வந்து சேர்ந்தது என்பதை மறுமுனையில் இருப்பவர் இரண்டே எழுத்தில் சொல்ல முடிந்தது. மறுமுனையிலிருந்து ஓ.கே. வந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

பொய் மூலங்களும் அவற்றைச் சோதிக்கும் வழியும்

இந்தச் சொல்லுக்குச் சொல்லப்படும் மூலக் கதைகள் இருபதுக்குக் குறையாது. வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருவது ‘ஸீரோ கில்டு’ கதை: அமெரிக்க உள்நாட்டுப் போரில், உயிரிழப்பு இல்லாத நாளில் முகாம் பலகையில் சுழியமும் கே எழுத்தும் எழுதினார்கள் என்பது. இதை வீழ்த்த ஒரே ஒரு தேதி போதும். உள்நாட்டுப் போர் தொடங்கியது 1861. சொல் அச்சேறியது 1839. படைவீரர்களுக்குப் பிஸ்கட் விற்ற ஓரின் கெண்டல் என்பவரின் முதலெழுத்துகள் என்ற கதையும் அதே தேதியில் விழுந்துவிடும். கிரேக்க மொழியின் ‘ஓலா கலா’ (எல்லாம் நலம்), ஸ்காட்லாந்தின் ‘ஓக் ஐ’ (ஆமாம்) ஆகியவற்றுக்கு ஒலி ஒற்றுமை மட்டுமே துணை. இரண்டு மொழிகளில் ஒத்த ஒலியும் ஒத்த பொருளும் தற்செயலாக அமைவது சாதாரணம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சொல் போனது என்று நிறுவ, யார் எடுத்துப்போனார், எப்போது, இடைப்பட்ட காலத்தில் அது எங்கே எழுதப்பட்டது என்ற சங்கிலி வேண்டும்.

மூன்று கதைகளைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அவை ஆவணத்தையோ மொழியறிவையோ சான்றாகக் காட்டுகின்றன.

முதலாவது, டென்னசி மாநிலத்தின் சம்னர் மாவட்ட நீதிமன்றப் பதிவேடு, 1790. ஜாக்சன் வழக்கறிஞராக இருந்த காலம். ஒரு விற்பனைப் பத்திரம் பற்றிய பதிவில் ஓ.கே. என்று இருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்னார்கள். மூலத்தைப் பார்த்தால் அது ஓ, ஆர். ‘பதியுமாறு உத்தரவு’ என்பதன் சுருக்கம். அன்றைய நீதிமன்ற எழுத்தர்கள் வாடிக்கையாக எழுதியது. வேகமாக எழுதிய ஆர் எழுத்தின் வளைவு கே போலத் தெரிந்திருக்கிறது. இதே ஆபத்து வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற வணிகரின் 1815-ஆம் ஆண்டுப் பயண நாட்குறிப்பிலும் நேர்ந்தது. பிரின்ஸ்டன் ஊர் பற்றிய வாக்கியத்தில் அந்த இரண்டு எழுத்து இருப்பதாக வெகுகாலம் நம்பினார்கள். அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்தை நேரில் ஆய்ந்தபோது அந்த வாசிப்பு நிற்கவில்லை. அந்த இடத்தில் ஓகே என்று வைத்தால் வாக்கியத்துக்குப் பொருளும் பொருந்தவில்லை. கையெழுத்துச் சான்றை அச்சுப்படியில் மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

இரண்டாவது, அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரின் மொழி. அதில் வாக்கிய இறுதியில் ‘அது அப்படித்தான்’ என்ற அழுத்தம் தர ‘ஓகே’ போன்ற ஒலியுடைய இடைச்சொல் ஒன்று உண்டு. இந்தக் கருத்தை அதிபர் உட்ரோ வில்சன் நம்பினார். கோப்புகளில் கே எழுத்துக்குப் பிறகு இ, ஹெச் சேர்த்துச் சாக்டா எழுத்துக்கூட்டலிலேயே ஒப்பம் வைத்தார். மூன்றாவது மேற்கு ஆப்பிரிக்கா. வோலோஃப் மொழியில் ‘வாவ்’ என்றால் ஆம், ‘கய்’ என்பது அழுத்தச் சொல். அடிமைப்படுத்தப்பட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பேச்சிலிருந்து இது வந்திருக்கலாம் என்று மொழியியலாளர் டேவிட் டால்பி 1960-களின் பிற்பகுதியில் எழுதினார். இந்த இரண்டையும் எள்ளி ஒதுக்குவது நியாயமல்ல. எழுதப் படிக்கத் தடுக்கப்பட்டவர்களின் பேச்சு அச்சில் பதியவில்லை என்பதை, அப்படி ஒரு பேச்சே இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இவை வெல்லவேண்டுமென்றால் 1839-க்கு முன் ஆங்கிலப் பேச்சில் உடன்பாட்டுப் பொருளில் இந்தச் சொல் வழங்கிய ஒரு பதிவாவது வேண்டும். 1816-இல் ஜமைக்காவில் பதிவான ‘ஓ கி’ என்ற ஒலி வியப்பைக் காட்டுகிறது, உடன்பாட்டைக் காட்டவில்லை. பாஸ்டன் குறிப்பின் பக்கமோ, தேதியோடு விளக்கமும், கூடப்பிறந்த சுருக்கங்களின் வரிசையும் இருக்கின்றன. நிறுத்துப் பார்த்தால் தட்டு அந்தப் பக்கம்தான் தாழ்கிறது.

சொல் செய்யும் வேலை

எத்தனையோ கேலிச் சுருக்கங்கள் மறைந்தும் இது தங்கியதற்குத் தேர்தலும் தந்தியும் மட்டும் காரணமல்ல. ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த ‘குட்’, ‘ஃபைன்’, ‘எக்ஸலண்ட்’ எல்லாம் மதிப்பிடும் சொற்கள். ஓகே மதிப்பிடுவதில்லை. தடையில்லை, குறையில்லை, மேலே போகலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. சரக்கு வந்து இறங்கியது ஓகே என்றால் சரக்கு உயர்தரம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எண்ணிக்கை சரி, உடைசல் இல்லை, அவ்வளவே. இப்படி மதிப்பீட்டைத் தள்ளிவைத்து ஏற்பை மட்டும் சொல்லும் சொல் அலுவலகத்துக்கும் இயந்திரத்துக்கும் தேவைப்பட்டது.

இதே காரணத்தால்தான் ‘படம் எப்படி?’ என்ற கேள்விக்கு ‘ஓகே’ என்ற பதில் பாராட்டாக விழுவதில்லை. மதிப்பிடச் சொல்லிக் கேட்ட இடத்தில் மதிப்பிடாத சொல்லைக் கொடுத்தால், கேட்டவர் அதைச் சுமார் என்று எடுத்துக்கொள்கிறார். தமிழில் இந்த இடத்துக்கு நம்மிடம் ‘பரவாயில்லை’ இருக்கிறது.

உரையாடலில் அதன் இன்னொரு வேலை, ஒரு கட்டம் முடிந்தது என்று அறிவிப்பது. 1973-இல் சமூகவியலாளர்கள் இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் இருவரும் தொலைபேசி உரையாடல்கள் முடியும் விதத்தை ஆராய்ந்தார்கள். யாரும் திடீரென்று ‘பை’ சொல்லி வைப்பதில்லை. ஒருவர் ஓகே என்று சொல்லிப் புதிய பேச்செதையும் எடுக்காமல் விடுகிறார். மற்றவரும் ஓகே என்கிறார். இனிப் பேச எதுவுமில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே விடைபெறும் சொல் வருகிறது. தமிழில் நாம் ‘சரி… அப்புறம்?’, ‘வேறென்ன, அவ்வளவுதான்’, ‘சரி, வெச்சிடவா?’ என்று செய்வது இதைத்தான். ‘சரி’ ஏற்கெனவே ஏற்பு, கட்ட மாற்றம், கேள்விக் கொக்கி மூன்றையும் செய்துகொண்டிருந்ததால், ஓகே தமிழுக்குள் வந்தபோது புதிதாக எந்த இலக்கணமும் கற்கவேண்டியிருக்கவில்லை. ‘சரியா?’ இருந்த இடத்தில் ‘ஓகேவா?’ நின்றது. வினையாக்க வேண்டிய இடத்தில் மற்ற கடன்சொற்களைப் போலவே ‘பண்ணு’, ‘ஆகு’ சேர்ந்தன: மேனேஜர் ஓகே பண்ணிட்டார், லோன் ஓகே ஆயிடுச்சு. படப்பிடிப்பில் இயக்குநர் ‘ஓகே’ என்றால் அந்த டேக் எடிட்டிங்குக்குப் போகும், ‘என்.ஜி.’ (‘நோ குட்’, சரியில்லை) என்றால் போகாது. அங்கே அது முறையான ஒப்புதல்.

எழுதும்போதுதான் தமிழில் ஒரு சிக்கல். தமிழ் ஒலிப்பு முறைப்படி இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தனித்து வரும் ககரம் மென்மையாகும். ‘பகல்’, ‘ஓகை’ என்பவற்றைச் சொல்லிப் பாருங்கள். அந்த விதிப்படி வாசித்தால் ‘ஓகே’ என்பதில் நாம் சொல்லும் வல்லொலி வராது. வல்லொலியைக் காக்கவே சிலர் ‘ஓக்கே’ என்று இரட்டித்து எழுதுகிறார்கள். ‘ஓ.கே.’ என்று புள்ளி வைத்தால் ககரம் தனி எழுத்துப்பெயரின் முதலில் நிற்பதால் வல்லொலி இயல்பாகவே வரும். இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டுமல்ல. ஆங்கிலத்திலும் புள்ளியோடு இரண்டெழுத்து, புள்ளியின்றி இரண்டெழுத்து, நான்கெழுத்து என்று மூன்று வடிவங்கள் இன்றும் போட்டியிடுகின்றன; அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு புள்ளியில்லாத இரண்டெழுத்தை வைத்துக்கொண்டது.

எங்கே பிசகுகிறது

‘கேட்டேன்’ என்பதற்கும் ஓகே. ‘சம்மதம்’ என்பதற்கும் ஓகே. ‘அனுமதிக்கிறேன்’ என்பதற்கும் ஓகே. முகம் பார்த்துப் பேசும்போது எது என்பது தானாகத் தெரிந்துவிடும். முகம் தெரியாத இடத்தில் தெரியாது. 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனரீஃப் விமான நிலையத்தில் இதற்குக் கொடுத்த விலை மிகக் கொடியது. பனிமூட்டம். ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். விமானம், அதே ஓடுபாதையில் எதிரே பான் அம் விமானம். புறப்பட அனுமதி வராத நிலையில் கே.எல்.எம். துணை விமானி, ‘நாங்கள் இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்’ என்ற பொருள்படும் தெளிவற்ற வாக்கியத்தைச் சொன்னார். கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்றார். ஒரு சிறு இடைவெளி. பிறகு ‘புறப்படக் காத்திருங்கள், அழைக்கிறேன்’ என்றார். அந்த இரண்டாம் பகுதி நடந்த அதே நொடிகளில் பான் அம் விமானியும் வானொலியில் பேச, இரண்டு அலைகளும் மோதிக் கீச்சொலிதான் கே.எல்.எம். விமானி அறைக்குக் கேட்டது. தெளிவாகப் போய்ச் சேர்ந்தது ‘ஓகே’ மட்டும். இறந்தவர்கள் 583 பேர். விபத்துக்குக் காரணங்கள் பல இருந்தாலும், ஏற்பா அனுமதியா என்று தெரியாத அந்தச் சொல்லும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது. அதன்பின் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது என்று விதி வந்தது. மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’. அனுமதியைக் கேட்டவர் அதை முழுதாகத் திருப்பிச் சொல்லவேண்டும். வானொலி நடைமுறையில் ‘ராஜர்’ என்றால் கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் பொருள், ‘வில்கோ’ என்றால் கேட்டேன், அதன்படி செய்வேன். ஓகே ஒன்றாய்ச் சுமக்கும் பொருள்களை அங்கே வெவ்வேறு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கைச்சைகைக்கும் இந்தக் கவனம் தேவை. ஆழ்கடல் நீச்சலில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம் கேள்வியும் பதிலும் ஆகும்: ஒருவர் காட்டினால் மற்றவர் அதையே திருப்பிக் காட்டவேண்டும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் அங்கே ‘மேலே போகலாம்’ என்று பொருள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல அதைக் காட்டிவிடக்கூடாது. அந்த வட்டத்துக்கே பிரேசிலில் வசைப்பொருள், ஜப்பானில் காசு என்ற பொருள்.

கணினித் திரையில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்த விதம் தனி. ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினியை 1980-களின் தொடக்கத்தில் வடிவமைத்தபோது பொத்தானில் ‘செய்’ என்று பொருள்படும் ‘டூ இட்’ என்ற இரண்டு சொற்களை இடைவெளி குறைத்து எழுதியிருந்தார்கள். சோதனைக்கு வந்த பயனர் ஒருவர் அதை ‘டோல்ட்’ என்று, அதாவது மடையன் என்று வாசித்துக் கோபப்பட்டார். அதன்பின் வந்ததே ஓகே பொத்தான். இணையத்தில் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் சர்வர் அனுப்பும் ‘200 ஓகே’ என்ற குறியீடும் தந்திக்காரரின் அதே பழைய பொருளில்தான் இருக்கிறது: கோரிக்கை கிடைத்தது, கையாளப்பட்டது. இதைச் ‘செயல் வெற்றி’ என்று எடுத்துக்கொள்வது புதிய நிரலாளர்கள் அடிக்கடி விழும் குழி. பணப்பரிமாற்றம் தோற்ற செய்தியையே உள்ளே வைத்து, மேலே 200 ஓகே போட்டு அனுப்பும் சர்வர்கள் ஏராளம். குறியீட்டை மட்டும் பார்த்து ‘பணம் போய்விட்டது’ என்று காட்டும் செயலி பயனரை ஏமாற்றிவிடும். உள்ளிருக்கும் பதிலையும் படித்தே ஆகவேண்டும்.

பொத்தானிலும் இதே கவனம் வேண்டும். தமிழ் இடைமுகங்களில் ஓகேவுக்குச் ‘சரி’, மறுப்புக்கு ‘ரத்து’ என்று வைப்பது வழக்கம். ‘ஆர்டரை ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே இந்த இரண்டையும் வைத்தால், ஆர்டரை விலக்க நினைப்பவர் ‘ரத்து’ என்பதை அழுத்துவார், அது கேள்விப்பெட்டியை மட்டும் மூடும், ஆர்டர் அப்படியே கிளம்பிவிடும். பிழைச்செய்தியைக் காட்டி மூடுவதற்குச் ‘சரி’ போதும், அங்கே தேர்வு எதுவுமில்லை. தேர்வு இருக்கிற இடத்தில் பொத்தானில் செயலையே எழுதவேண்டும்: ஒன்றில் ‘ஆர்டரை ரத்து செய்’, மற்றொன்றில் ‘ஆர்டர் இருக்கட்டும்’.